வழியனுப்பு ரோஜா

மைதானக் கோட்டோரம் ஒரு வாளி ரோஜாவுக்குப் பக்கத்தில் மொத்த அணியும் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் லீக் மேற்பார்வையாளர் வெண்டலுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் மார்சியிடம் விறுவிறுவென்று போனார்.

"என்ன மார்சி இது? வழியனுப்பு விழா கடைசி வருஷப் பொண்ணுங்களுக்கு மட்டும்தானே? அந்த நாலு பேரைக் கூப்பிட்டுப் பூவைக் குடுத்துட்டு ஆட்டத்தை ஆரம்பிக்க வேண்டியதுதானே! முதல் வருஷப் புள்ளைங்க எல்லாம் எதுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து நிக்குது?"

"எல்லார் பேரையும் வாசிக்கணும் வெண்டல். ஆட்டம் கொஞ்சம் லேட்டாகும்."

"லேட்டானா என்ன தண்டனைன்னு தெரியும்ல? அடுத்த சீசன் முதல் ஆட்டம் உங்க மைதானத்துல கிடையாது. வெளியூர் போய்த்தான் ஆடணும்."

"சரி, எழுதிக்கோங்க."

"எவ்வளவு திமிரா சொல்றீங்க! நீங்க அடிக்கிற கூத்துக்கு, அடுத்த வருஷம் இந்தச் சின்னப் பொண்ணுங்கதானே அனுபவிக்கணும்?"

மார்சி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அடுத்த வருஷம் ஏது? நேத்துதான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. மே மாசத்தோட காலேஜையே மூடறாங்களாம். உங்க ஆபீசுக்குத் திங்கட்கிழமை தகவல் வரும். இந்த மைதானத்துல எல்லாருக்குமே இன்னிக்குத்தான் கடைசி ஆட்டம்."

வெண்டல் தண்டனையை எழுதத் திறந்த பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகினார். வரிசையின் கடைசியில் நின்ற பெண், ஜெர்சியின் கழுத்தைக் கடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"பூ... எல்லாருக்கும் பத்துமா?" என்று கேட்டார் வெண்டல்.

"பத்தும்" என்றார் மார்சி. "எனக்கும் சேத்துத்தான் வாங்கினேன்."