தெரியுதா கண்ணு?

கல்யாண மண்டபம் என்றாலே சுகந்தி ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பாள். மகள் யாழிசைக்குப் பிறக்கும்போதே மூளையில் நீர் கோத்திருந்ததால் தலைக்குள் குழாய் வைத்திருந்தார்கள். கண் தெரியும், அந்தப் பாதிப்பால் யாருடைய முகம் என்றுதான் பிடிபடாது. சொந்தக்காரர்களோ கன்னத்தைக் கிள்ளி, "நான் யாரு, சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்திக்கே போவார்கள். பிள்ளை பேந்தப் பேந்த விழிப்பாள். "என்ன புள்ள வளர்த்திருக்கே?" என்ற பேச்சு வேறு.

சுகந்தியின் தங்கை கல்யாணத்தில் அந்தக் கவலை இல்லை. யாழிசையின் புது மூக்குக்கண்ணாடி, ஆளைப் பார்த்ததும் அவள் காதுக்குள் பெயரைச் சொல்லிவிடும்.

"என்னைத் தெரியுதா கண்ணு?"

"பல்லடம் பெரியப்பா!"

பெரியப்பா அசந்துபோனார். சற்று நேரத்தில் அவரே குனிந்து, "அந்த நீலச் சட்டைக்காரர் யாரு கண்ணு? பேரு மறந்துபோச்சு" என்று கிசுகிசுத்தார். அப்புறம் யாழிசையைச் சுற்றி ஒரே கூட்டம்.

மணப்பெண்ணின் அக்காவாயிற்றே என்று அழகுநிலையப் பெண் சுகந்தியையும் உட்காரவைத்துப் பூசித் தள்ளிவிட்டாள். கணவனே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனான். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டையும் கட்டியிருந்தது.

கூட்டத்தை விலக்கி மகளிடம் போனாள். "சாப்பிட்டியாடி?"

யாழிசை பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா! இந்த லூசுக் கண்ணாடி உன்னைத் தெரியாதவங்கன்னு சொல்லுது!"

"குரலும் போச்சு. அப்புறம் எப்படிடி கண்டுபிடிச்சே?"

"எல்லாரும் என்னைத் தெரியுதா, தெரியுதான்னுதான் கேட்டாங்க. நீ மட்டும்தானே சாப்பிட்டியான்னு கேட்டே?"