யுவனேஸ்வரி வரைந்த கூடு

நான்காவது குழியையும் தோண்டி முடித்த கவிநேசன், சிமெண்டு மூட்டையைப் பிரித்தான்.

கோழிக்கூட்டின் கால்களை மண்ணில் நிரந்தரமாக நட்டுவிடுவது என்று காலையில்தான் முடிவு செய்தான். மனைவி யுவனேஸ்வரியின் வரைபடத்தில் அஸ்திவாரம் இல்லை. அவள் விட்ட ஒரே பிழை அது என்று நினைத்தான்.

மற்றபடி அந்தக் கூட்டில் குறை சொல்ல இடமில்லை.

ஆக்லாந்தின் பென்ரோஸில் குளிர்பதனக் கிடங்குகளை வடிவமைத்தவள் அவள். மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி, மூன்று கோழிகளுக்கும் அதே அக்கறையோடு வரைந்தாள்.

இரட்டைப் பலகைச் சுவர். இடையில் கம்பளிப் பொதி. காற்றுத் துளைகள் எல்லாம் கூரைக்கு அடியில், கோழிகளின் தலைக்கு மேலே. ஈரம் வெளியேறும், தூங்கும் கோழிமேல் காற்று படாது.

உட்காரும் கட்டைகூட உருண்டை இல்லை, தட்டை. கடுங்குளிரில் கோழி தன் விரல்களை வயிற்றால் மூடிக்கொள்ளுமாம்.

கூரையின் நீட்டல்தான் அழகு. கோடை வெயில் அதைத் தாண்டி உள்ளே வராது. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் கட்டைவரை போகும்.

"ஆக்லாந்துல எங்க இவ்ளோ குளிரு, இவ்ளோ வெயிலு? ஓவர்லா" என்று ஒருமுறை கேலி செய்தான்.

"கோழிகிட்ட கேட்டுப் பாருங்க" என்றாள்.

அவள் மறைந்த பிறகுதான் அதைக் கட்டினான். கட்டியதும் திசை மாற்றி வைத்துவிட்டான். தெற்கிலிருந்து வருவது இதமான தென்றல் என்று தமிழ்ப்பள்ளியில் படித்த நினைப்பு. வலைச்சன்னல் தெற்கே பார்த்தது. இங்கே தெற்குக் காற்று தென்துருவக் குளிரோடு வரும். அதன் முதல் வீச்சிலேயே கோழிகள் மூலையில் ஒடுங்கின.

வரைபடத்தை மறுபடி பார்த்தான். வடக்கு அம்புக்குறியைச் சிவப்பில் போட்டு, மூன்று முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

அவனை அறிந்தவள்.

இன்று ஐந்து மணிக்குள் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும். நாட்டின் தெற்குத் தீவில், அலெக்சாண்ட்ராவுக்குப் பக்கத்தில், அணைக்கட்டுப் பொறியாளர் வேலை. படிக்கிற காலத்திலிருந்து அவன் ஆசைப்பட்டது.

சென்ற ஆண்டும் அழைத்தார்கள். யுவனேஸ்வரிக்குச் சிகிச்சை தொடங்கிய வாரம். வேண்டாம் என்று எழுதிவிட்டு, அவர்கள் அனுப்பிய கடிதத்தை அழித்தான். அவளிடம் மூச்சு விடவில்லை.

இந்த முறையும் வேண்டாம் என்றுதான் எழுதப் போகிறான். அவள் வரைந்த கூட்டை விட்டு எங்கே போவது?

வாளியில் தண்ணீர் ஊற்றியபோது, வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு நவரத்தினத்தின் தலை தெரிந்தது. பஸ் ஓட்டுகிறவர். கையில் கோழிகளுக்கு முட்டைக்கோசு இலை.

"என்ன தம்பி, மாளிகைக்கு அத்திவாரமோ? நிப்பாட்டும், நிப்பாட்டும்!"

"காத்துல ஆடாம இருக்கத்தான், அங்கிள்."

"பிறகு எப்பிடிக் கழட்டப் போறீர்? அதுக்குத்தானே அவ ஆணி ஒண்டும் வேண்டாம், எல்லாம் போல்ட் எண்டு வரைஞ்சவ. ஆஸ்பத்திரியில இருந்து போன் எடுத்து, என்ர ட்ரெய்லரை ரெண்டு தரம் அளக்க வைச்சவ."

கவிநேசன் நிமிர்ந்தான்.

"ட்ரெய்லரையா? எதுக்கு?"

நவரத்தினம் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி வேலிக்கு இப்பால் போட்டார். கோழிகள் ஓடி வந்தன.

"அலெக்சாண்ட்ராவுக்குக் கொண்டுபோக. நீர் அழிச்ச கடிதத்தை அவ முதலே பாத்திட்டா. அங்க மாரிக் குளிரில தண்ணி கல்லாகிப் போகுமாம், கோடையில முப்பத்தஞ்சு டிகிரியாம். எனக்கே பாடம் எடுத்தவ. 'அவரா கேட்டா மட்டும் சொல்லுங்க அங்கிள்' எண்டவ. இப்ப நீர் கேட்டிட்டீர்."



கவிநேசன் வாளித் தண்ணீரைப் புல்லில் கொட்டினான். மண்வெட்டியை எடுத்து முதல் குழியை மூடினான். பிறகு இரண்டாவதை.

மூன்றாவதில் நின்று, தலை நிமிராமலே கேட்டான்.

"ட்ரெய்லர் எப்ப சும்மா இருக்கும், அங்கிள்?"

"போன கிழமைதான் ரெண்டு டயரும் மாத்தினனான்" என்றார் நவரத்தினம்.