கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்

"அந்த வார்த்தை வந்தா மட்டும் நீ வாயைத் திறக்கக் கூடாது, என்ன?" மகளின் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி காந்திமதி மறுபடியும் சொன்னாள்.

"எந்த வார்த்தை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. அட்ஜஸ்ட்!"

ஷ்வேதாவுக்குப் பார்த்த போன வரன் அந்த வார்த்தையில்தான் முறிந்தது. கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுவிட்டு 'அட்ஜஸ்ட்' பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். முடியாது என்றாள். அன்றிலிருந்து தில்லி ஜனக்புரித் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவள் வாயாடி.

இன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பூசா ரோட்டுக்காரர்கள். பையன் கிருஷ்ணபிரசாத், அவன் அம்மா ராஜலக்ஷ்மி. இரண்டே பேர். பையன் தலையைக் குனிந்து கேசரி சாப்பிட, அம்மாதான் பேசினாள்.

"ஆபீஸ் எங்கேம்மா?"

"குர்கான், ஆன்ட்டி."

"வீடு திரும்ப?"

"ஒன்பது ஆயிடும். டிராஃபிக் ஜாம்னா பத்து."

"சமையல்?"

"மேகி நல்லா வரும்."

அப்பா சதாசிவம் அவசரமாகச் சிரித்தார். "விளையாட்டா சொல்றா. ஜல்தி கத்துப்பா."

ராஜலக்ஷ்மி சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பத்து மணிக்கு வந்து, சமையலும் தெரியாதுன்னா... ரொம்பவே அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

கதவோரம் நின்ற காந்திமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆன்ட்டி," என்றாள் ஷ்வேதா. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் விடவில்லை. "பஸ்ல யாராவது 'தோடா அட்ஜஸ்ட் கீஜியே'ன்னா, சீட்டுல இருக்கற எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடம் தர்றாங்க. கல்யாணத்துல மட்டும், பொண்ணு ஒருத்தியே நகரணும்னு எப்படி அர்த்தம் மாறிச்சு?"

சதாசிவம் மகளை முறைத்தார். இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள் ஷ்வேதா. போகட்டும்.

ராஜலக்ஷ்மி அவளையே பார்த்தாள்.

"நானும் வேலைக்குப் போனவதாம்மா. விடியறதுக்குள்ள சமைச்சு வெச்சிட்டு ஆபீஸ் போற சார்ட்டர்ட் பஸ்ஸுக்கு ஓடுவேன். இப்படி ஒரு கேள்வி கேக்க எனக்குத் தைரியம் வரலே. ஆனா, நான் உன்னைச் சொல்லலையே!"

ஷ்வேதாவுக்குப் புரியவில்லை.

ராஜலக்ஷ்மி பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"டேய் பிரசாத், உன்னைத்தான் சொன்னேன். பத்து மணிக்குப் பசியோட வர்றவளுக்கு யாருடா சோறு போடுவா? நாளையிலேர்ந்து என்கூட அடுப்படிக்கு வந்து கத்துக்கோ!"