ரப்பர் தோலில் ஒரு தையல்

ஜன்னல் வெயில் ஊசிமுனையில் மின்னுகிறது. நோயாளியாக நடிக்க வந்த அம்மாளின் முன்கையில் கட்டிய ரப்பர் தோலைப் பயிற்சி டாக்டர் தைத்து முடிக்கிறாள். பேராசிரியர் எட்டிப் பார்க்கிறார். "தையல் பிரமாதம். வாயையும் சேர்த்துத் தைச்சுக்கிட்டியா? பிரிச்சுட்டு, அவங்ககிட்ட பேசிக்கிட்டே போடு." முகம் சிவந்து அவள் நூலைப் பிரிக்கிறாள். மறுபடி ஊசி இறங்கும்போது அவளுடைய இடக்கை அம்மாளின் மணிக்கட்டைத் தொடுகிறது. "வலிக்குதாம்மா?" ரப்பருக்கு ஏது வலி? ஆனாலும், கணவர் போனபின் வீட்டில் கேட்க ஆளில்லாத கேள்வியை ஆண்டவன் இந்தப் பெண்ணின் வாயில் வைத்திருக்கிறான். அம்மாளுக்குக் கண் நிறைகிறது. "கொஞ்சம். மெதுவாவே தைம்மா, எனக்கென்ன அவசரம்? வீட்டுல யாரு காத்திருக்கா?" அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். கடைசி முடிச்சு அழகாக விழுகிறது. அதை அவளே நறுக்கி எடுக்கிறாள். "இது சரியா விழலம்மா. இன்னொரு தடவை போடட்டுமா?" அம்மாள் கையை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறாள்.