குறுக்கே வந்த நாய்

"எங்க உழுந்தே?"

"எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, சார்."

"எப்பிடி?"

"லாரி ஒண்ணு ஒரசிக்கினு போச்சு. பைக்கோட சாஞ்சிட்டேன்."

சூப்பர்வைசர் சந்திரமோகன் தலையில் அடித்துக்கொண்டார். "லாரி வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது? லாரின்னா நம்பர் கேப்பான், போலீஸ் வரும். நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லு. நாய்க்கு நம்பர் கெடையாது."

பார்த்திபன் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையைச் சுற்றியிருந்தது மிஷின் துடைக்கிற பழந்துணி. காலையில் கம்பி வெட்டும் மிஷின் அவனுடைய இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. அந்த மிஷினுக்கு ஒரு மூடி உண்டு. மூடி போட்டால் வேலை ஓடாது என்று எப்போதோ கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

டாக்டர் உள்ளே வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறப்பதற்குள் பாடம் மனப்பாடமாக வேண்டும்.

"கம்பெனிக்குள்ள ஆச்சுன்னு சொன்னாத்தான் சார் ஈ.எஸ்.ஐ.ல எதுனா செய்வாங்க" என்றான் பார்த்திபன். "இந்தக் கைய வெச்சிக்கினு நாளைக்கு எங்க போயி வேலை கேப்பேன்?"

"நாளைக்கு இன்னா விசேஷம், அதையும் நீயே சொல்லு."

நாளை கம்பெனியில் விழா. விபத்து இல்லாத நாள் 365 என்று கேட்டில் போர்டு வைத்து, அதற்கு மாலையும் சொல்லியாகிவிட்டது. தலைக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு, மதியம் பிரியாணி.

"அத்தினி பேரும் ஊட்ல சொல்லி வெச்சிருக்கான். போர்டுல முட்டை உழுந்தா நம்ம காண்ட்ராக்டையே தூக்கிடுவாங்க. நீ ஒருத்தன் நியாயம் பேசிக்கினு, மிச்ச ஜனம் கேட்டுக்கு வெளிய நிக்கணுமா? உன் சம்சாரத்துக்கும் போன் போட்டு பைக்னு சொல்ட்டேன். அது நம்பிடுச்சு. பேஜாரு பண்ணாத பார்த்தி."

சந்திரமோகன் கெட்டவர் இல்லை. வரும் வழியில் தண்ணீர் பாட்டிலை இவன் வாயில் பிடித்துக்கொண்டே வந்தவர் அவர்தான். சூப்பர்வைசர் என்றாலும் அவரும் காண்ட்ராக்ட் ஆள். இந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியாக இருந்தால் தானே போய்ப் படுத்துவிடுவார் போலிருந்தது முகம்.

அப்போது பார்த்திபனின் பைக்கைத் தள்ளிக்கொண்டு, கம்பெனியில் பெருக்குகிற அருணாச்சலம் உள்ளே வந்தார். சிப்காட்டிலிருந்து ஹைவே ஓரமாகவே தள்ளி வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா நைனா, ஓட்டிக்கினு வர்றது தான?" என்று கேட்ட சந்திரமோகன், ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை.

"சரி, கீறல் எங்க? வழியில ஒருக்கா ரோட்ல சாய்ச்சி உட்டுக்கினு வான்னு சொன்னேன்ல?"

"மனசு வரல சார். இன்னும் டியூ கட்டிக்கினு கீறான்."

அந்த வலியிலும் பார்த்திபனுக்குச் சிரிப்பு வந்தது. சந்திரமோகனுக்கு வேறொன்று தோன்றியது.

"டேய், நைனாவப் பாரு. பைக்ல உழுந்து ரெண்டு வெரலு போச்சு. கம்பெனி தொரத்திச்சா? கையில தொடப்பம் குடுத்து இன்னி வரிக்கும் வெச்சிக்கினு இருக்குது இல்ல? உன்னையும் அப்பிடிப் பாத்துக்குவாங்க."

அது சந்திரமோகன் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. வந்த முதல் வாரமே அவருக்கு யாரோ சொன்னார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அவருக்கு ரோட்ல ஆச்சு சார். கம்பெனி மேல தப்பு இல்ல. இருந்தும் வெச்சிக்கினாங்க, நல்ல விஷயம். எனக்கு உள்ள ஆச்சு. ரெண்டும் ஒண்ணா?"

அருணாச்சலம் பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, தோள் துண்டால் அதன் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, துணியை மெல்லப் பிரித்துப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

"பைக்ல உழுந்துட்டான் மேடம். நாய் குறுக்க வந்துடுச்சு."

"உங்கள கேக்கல. அவர் சொல்லட்டும்."

பார்த்திபன் வாயைத் திறந்தான். ஹாட் பாக்ஸுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கும் வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "நாய்..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

சந்திரமோகன் துணைக்கு ஆள் தேடினார். "நீ சொல்லு நைனா. உனக்கும் இப்பிடித்தான ஆச்சு?"

அருணாச்சலம் பைக் சாவியைப் பார்த்திபனின் சட்டைப் பையில் போட்டார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"ஆமாம்மா. எனுக்கும் இப்பிடியேதான் ஆச்சு. எனுக்கு பைக் ஓட்டவே தெரியாது."