ஏரி முழுசா வத்தட்டும்

ஏரி பாதி வற்றிவிட்டது. பஞ்ச காலத்துக்கென்று எல்லாப் பிராணிகளும் சேர்த்த தானியம் மரப்பொந்தில் இருந்தது. வாசலில் கொக்கு காவல் நின்றது.

“அணில் குட்டிங்க பசியில சுருண்டு கிடக்குது. வழி விடு,” என்றது காகம்.

“ஏரி முழுசா வத்தட்டும். அப்பதான் அதுக்குப் பஞ்சம்னு பேரு,” என்றது கொக்கு. தண்ணீர் குறையக் குறைய அதற்கு மீன் சுலபமாகச் சிக்கியது.

காகம் உச்சிக்கிளையில் ஏறி, சோறு கண்டதுபோல் கரைந்தது. காடே திரண்டது.

“குட்டி வச்சிருக்கவங்க முன்னால வாங்க! எறும்புகளா, நடக்க முடியாதவங்களுக்குச் சுமந்துட்டுப் போங்க!”

கொக்கு சிறகை விரித்து மறித்தது. “பஞ்சமே வரலை. அதுக்குள்ள ஏன் கத்துறே?”

“வந்தப்புறம் கத்த யாருக்குத் தொண்டை இருக்கும்?” என்றபடி காகம் சிறகுக்கு அடியில் புகுந்தது. பின்னாலேயே காடும் புகுந்தது.