சுலோசனா பெயரில் வரும் சீட்டு

கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“சுலோசனா நீங்களாம்மா?”

“இல்லை. இப்போ இருக்கிறவ.”

சொன்னவளுக்கே தன் குரல் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

இவள் கல்யாணமாகி வந்த பதினோரு வருடமாக அந்தப் பெயர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கதவிடுக்கில் நுழைந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. சொத்து வரிச் சீட்டு. உரிமையாளர், த. சுலோசனா.

இவள் கணவர் தணிகாசலத்தின் முதல் மனைவி. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவள். இறந்து பன்னிரண்டு வருடம்.

வீடு சுலோசனாவுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. பெயரை மாற்றச் சொல்லி இவள் கேட்காத வருடமில்லை. அவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார். மாற்றுத்திறனாளி வீடு என்று வரியில் பாதி தள்ளுபடி. பெயர் மாறினால் சலுகை போய்விடும்.

வாயை மூடிக்கொள்வாள்.

செத்தவள்மேல் என்னடி பொறாமை என்று அக்கா சிரித்திருக்கிறாள். அக்கா வீட்டுச் சீட்டில் அக்கா பெயர் இருந்தது.

இந்த முறை தொகை ஏறியிருந்தது. அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து நான்கு நாள்தான். கண்ணில் கட்டு. தேறியதும் தானே போய்க் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். அவர் தூங்கியதும் இவள் கிளம்பி வந்துவிட்டாள்.

பாதி தள்ளுபடி போகவா இவ்வளவு என்று கேட்டாள்.

அந்தப் பெண் பொறுமையாகவே சொன்னாள். இந்த வருடம் எல்லாத் தெருவுக்கும் வரியை உயர்த்தியிருக்கிறார்கள். தள்ளுபடி, உரிமையாளர் உயிரோடு இருக்கும்வரைதான்.

“சார்தான் அப்பவே இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்து கொடுத்திருக்கார். பன்னிரண்டு வருஷமா முழு வரிதாம்மா கட்டுறார்.”

பெயர் மாற்றினால் வரி கூடுமா?

ஒரு ரூபாய்கூடக் கூடாதாம். விண்ணப்பத்தில் சார் கையெழுத்துப் போட்டால் போதுமாம். ஒரு தாளை இடுக்கு வழியே தள்ளினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே எதையும் அவள் பார்க்கவில்லை. பாதிக்கே பொறாமைப்பட்டவள் அவள். இப்போது முழுசுக்கும் பட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

வரி கட்டிவிட்டதாகச் சொன்னாள்.

அவர் எவ்வளவு என்று கேட்கவில்லை.

கட்டுப்போட்ட கண்ணும் போடாத கண்ணும் தரையை நோக்கியிருந்தன.

“ரேஷன் கார்டுல அடிச்சாச்சு. ஓட்டர் லிஸ்ட்ல எடுத்தாச்சு. பேங்க்லயும் முடிச்சாச்சு,” என்றார். “அவ பேருக்குன்னு வர்ற தபால் அது ஒண்ணுதான்.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“என் பேருக்கு எது வருதுங்க?”

அவர் யோசித்தார்.

நிறைய நேரம் யோசித்தார். கேஸ் அவர் பெயரில். கரண்ட் அவர் பெயரில். அவளுடைய போன்கூட அவர் பெயரில்தான். ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போவது அவளுக்குத் தெரிந்தது.

பிறகு கையை நீட்டினார்.

“ஃபாரம் கொடுத்திருப்பாங்களே. கொடு.”

கொடுத்தாள். பேனாவும் கொடுத்தாள். இத்தனை வருடம் மல்லுக்கட்டியது இந்த ஒரு கையெழுத்துக்குத்தான்.

தாளை முகத்தருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார்.

“எழுத்து தெரியல. எந்த இடம்னு கையைப் பிடிச்சு வை.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்தாள்.

அந்த இடத்துக்குக் கொண்டுபோகவில்லை.